குக்கரும் ரயில் என்ஜினும்

வீட்டுக்கு வீடு இருக்கும் பொருள்களுக்கு வரலாறு எழுதும் வழக்கம் நம்மிடையே குறைவு. அரசர்களுக்கு வரலாறு உண்டு. கோயில்களுக்குத் தலபுராணம் உண்டு. நமக்குச் சோறிடும் ரயில்வேக்கும் ஆண்டு வாரியாக எழுதப்பட்ட சரித்திரம் உண்டு. ஆனால், நாள்தோறும் விடியற்காலையில் இக்காலனியின் குவார்ட்டர்ஸ்களில் ஒன்றன்பின் ஒன்றாக விசில் அடித்து நம்மைத் துயிலெழுப்பும் பிரஷர் குக்கருக்கு ஒரு சரித்திரம் உண்டா என்று கேட்டால், பலரும் புன்னகை செய்து அகல்வர். உண்டு. அதுவும் ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுச் சரித்திரம். அதனினும் வியப்பானது, அச்சரித்திரமும் நம் ரயில் வண்டியின் சரித்திரமும் ஒரே அடுப்படியில் தொடங்குகின்றன என்பதே.

நாம் விஞ்ஞானம் கற்றவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறியபின் ரயில்வேயின் பதிவேடுகளுக்குள் புகுந்து, அவற்றுள்ளேயே காலம் கழித்து வருபவர். ஆயினும், ஷெட்டில் பணியாற்றிய பெரியவர்கள் சொல்லக் கேட்டவற்றையும், ஓய்வு நேரத்தில் நூல்களில் படித்தவற்றையும் ஒருங்கு வைத்துப் பார்க்கும்போது, சமையலுக்கென்று செய்த ஒரு சிறு கருவி, செய்தவரே எண்ணியிராத எத்தனை இடங்களில் மனித உயிரைக் காத்து நிற்கிறது என்பது புலனாகிறது. அதனை ஆண்டு விழா மலரின் வாயிலாக நம் குடும்பங்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

கெண்டிக் கதை

பள்ளியில் நாம் அனைவரும் படித்த கதை ஒன்று உண்டு. ஸ்காட்லாந்து நாட்டுச் சிறுவன் ஜேம்ஸ் வாட், அடுப்பின் மேல் கொதிக்கும் கெண்டியின் மூடி நீராவியால் துள்ளுவதைக் கண்டான். நீராவி என்ஜினைக் கண்டுபிடித்தான் என்பதே அது. கதை அழகியது, ஆனால் ஆண்டுகள் அதற்கு இடம் கொடா. வாட் பிறந்தது 1736ஆம் ஆண்டில். தாமஸ் நியூகாமன் என்பவர் அமைத்த நீராவி என்ஜின், இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் இறைக்கத் தொடங்கியதோ 1712ஆம் ஆண்டில். அதாவது, வாட் பிறப்பதற்கு 24 ஆண்டுகள் முன்னதாகவே. வாட் செய்த பெருந்தொண்டு, அவ்வென்ஜினின் குறையைக் கண்டு, நீராவியைத் தனிப் பாத்திரத்தில் குளிரச் செய்யும் முறையை 1765ஆம் ஆண்டில் கண்டதாகும். அப்பெருமையை எவரும் குறைத்தல் இயலாது.

ஆனால் கெண்டிக் கதையில் உண்மையின் சாயல் ஒன்று மறைந்து கிடக்கிறது. 1761, 1762ஆம் ஆண்டுகளில், வாட் முதன்முதலாக நீராவியின் வலிமையைச் சோதித்துப் பார்த்தபோது, அவர் கையாண்டது ஒரு சமையல் பாத்திரமே. அது கெண்டியன்று, ‘பாப்பின் டைஜெஸ்டர்’ என்று பெயர் பெற்ற, மூடி இறுகப் பூட்டிய பாத்திரம். இன்று நம் வீட்டில் பருப்பு வேகும் பிரஷர் குக்கரின் மூதாதை அதுவே. ஆகவே, அடுப்படியிலிருந்து நீராவி யுகம் பிறந்தது என்பது பொய்யன்று. எந்தப் பாத்திரத்திலிருந்து பிறந்தது என்பதில்தான் கதை பிழைத்தது.

ஊர் திரும்பாத மனிதர்

அப்பாத்திரத்தை ஆக்கியவர் டெனிஸ் பாப்பின் என்னும் பிரெஞ்சுக்காரர். 1647ஆம் ஆண்டில் புளுவா நகரை அடுத்துப் பிறந்தார், மருத்துவம் பயின்றார், மருத்துவத் தொழிலில் மனம் பொருந்தாமல், பாரிஸ் நகரில் ஹைஜென்ஸ் என்னும் பேரறிஞரிடம் உதவியாளராய்ச் சேர்ந்து யந்திர ஆராய்ச்சியில் இறங்கினார். 1675ஆம் ஆண்டில் லண்டனுக்குச் சென்று, காற்றின் அழுத்தத்தை ஆராய்ந்து புகழ்பெற்ற ராபர்ட் பாயிலுடன் பணிபுரிந்தார். 1679ஆம் ஆண்டில் தம் புதிய பாத்திரத்தை லண்டன் ராயல் சொஸைட்டியின் முன் செய்து காட்டினார். 1681ஆம் ஆண்டில் அதனைப் பற்றித் தனி நூலே எழுதி வெளியிட்டார்.

அவருடைய நோக்கம் என்ஜின் செய்வதன்று, எலும்பை வேகவைப்பது. கசாப்புக் கடையில் வீசி எறியப்படும் எலும்பிலும் சத்து இருக்கிறது. சாதாரணப் பாத்திரத்தில் எத்தனை நேரம் கொதித்தாலும் அது வெளிப்படுவதில்லை. அதனைக் குறைந்த விறகில் வெளிப்படுத்திவிட்டால் ஏழை மக்களுக்கு உணவாகும் என்பது அவர் கருத்து. திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரி வெப்பத்தில் கொதித்து ஆவியாகிவிடும். அடியில் எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. மூடியை இறுக்கி ஆவியை உள்ளேயே அடைத்தால், அதன் அழுத்தத்தால் நீர் கொதிக்கும் நிலை உயர்கிறது; சூடு மேலும் ஏறுகிறது; எலும்பும் மெழுகாகிறது. 1682ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ராயல் சொஸைட்டி அங்கத்தினர்கள் இப்பாத்திரத்தில் சமைத்த விருந்தை உண்டனர் என்பதையும், எலும்புகள் பாலாடைக்கட்டி போல் மென்மையாயிருந்தன என்பதையும் ஜான் ஈவ்லின் என்பவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார்.

ஆனால், அடைத்து வைத்த ஆவிக்கு ஒரு குணம் உண்டு. வழி விடாவிடில் அது தானே வழி செய்துகொள்ளும். அவ்வாறு செய்யும்போது பாத்திரத்தையும் பக்கத்தில் நிற்பவரையும் பார்க்காது. பாப்பின் இவ்வபாயத்தை உணர்ந்தார். ஆகவே மூடியில் ஒரு சிறு துவாரம் வைத்து, அதன்மேல் ஓர் அடைப்பானைப் பொருத்தி, அவ்வடைப்பானை ஒரு நெம்புகோலால் அழுத்தி, கோலின் முனையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டார். உள்ளே அழுத்தம் அளவுக்கு மிஞ்சும்போது ஆவி எடையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். அளவுக்குள் வந்ததும் எடை மீண்டும் அமர்ந்து வழியை அடைக்கும். நம் வீட்டுத் தராசை அறிந்தவர் எவரும் இதனை ஒரு நொடியில் விளங்கிக்கொள்வர். இதுவே ‘சேப்டி வால்வு’ என்று உலகம் இன்று வழங்கும் கருவி. அதன் கண்டுபிடிப்பை வரலாற்று நூல்கள் பொதுவாகப் பாப்பினுக்கே உரியதாக்குகின்றன.

நம் போன்று பிறந்த மண்ணை விட்டு வந்து வாழ்வோர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றும் அவர் வாழ்வில் உண்டு. அவர் பிராடெஸ்டண்ட் மதத்தைச் சேர்ந்தவர். 1685ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி அம்மதத்தினருக்கு இருந்த உரிமையை நீக்கினார். பாப்பினுக்குத் தாய்நாட்டுக் கதவு அடைந்தது. பின்னர் ஜெர்மனியின் மார்பர்க், காஸல் ஆகிய ஊர்களில் வாழ்ந்தார். 1690ஆம் ஆண்டில், உருளைக்குள் நீராவியைக் குளிரச் செய்து உந்துதண்டை இயக்கலாம் என்னும் கருத்தை அச்சிட்டு வெளியிட்டார்; நியூகாமன் என்ஜினுக்கு 22 ஆண்டுகள் முற்பட்டது அக்கருத்து. 1707ஆம் ஆண்டில், துடுப்புச் சக்கரம் பொருத்திய தம் படகில் குடும்பத்தோடு புறப்பட்டபோது, வழியில் படகோட்டிச் சங்கத்தார் அப்படகை உடைத்துப் போட்டனர். மீண்டும் லண்டனை அடைந்த அவர், ஆதரிப்பாரின்றி வறுமையில் வாடினார். 1712ஆம் ஆண்டுக்குப்பின் அவர் எழுதிய கடிதம் எதுவும் கிடைக்கவில்லை. ஏழைகளின் அடுப்பை எண்ணிப் பாத்திரம் செய்தவர், ஏழையாகவே மறைந்தார்.

அடுப்படியிலிருந்து பாய்லருக்கு

வாட் உயர்ந்த அழுத்தமுள்ள நீராவியை அஞ்சினார். தம் என்ஜின்களில் அதனைக் கையாளவில்லை. அஞ்சாதவர் கார்ன்வால் நாட்டு ரிச்சர்ட் ட்ரெவிதிக். உயர் அழுத்தம் இருந்தால்தான் என்ஜின் சிறியதாகும். சிறியதானால்தான் அது சக்கரத்தின் மேல் ஏறி ஓடும். 1804ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் வேல்ஸ் நாட்டில், 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் இழுத்துக்கொண்டு தண்டவாளத்தின் மேல் ஓடியது அவருடைய என்ஜின். ரயில் யுகத்தின் முதல் நாள் அது.

ஆனால் அதற்கு முந்திய ஆண்டே, ஒரு கொடிய பாடம் நிகழ்ந்துவிட்டது. 1803ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், லண்டனை அடுத்த கிரீனிச்சில் ட்ரெவிதிக்கின் நிலை என்ஜின் ஒன்று வெடித்தது. அதனைக் கவனிக்க வேண்டிய பையன் விலாங்கு மீன் பிடிக்கச் சென்றுவிட்டான். பார்த்துக்கொள்ளும்படி அவன் விட்டுச்சென்ற கூலியாளோ, என்ஜின் வேகமாக ஓடுவதைக் கண்டு அதனை நிறுத்தினான். ஆனால் வால்வின் கோலை அழுத்திப் பிடித்திருந்த முடுக்கியை எடுக்கவில்லை. ஆவிக்கு வழியில்லை. நால்வர் மாண்டனர். உயர் அழுத்தத்துக்கு எதிரானவர்களுக்கு இது நல்ல வாய்ப்பாயிற்று. ட்ரெவிதிக் மனம் தளரவில்லை. ஒரு பாய்லருக்கு ஒரு வால்வு போதாது, இரண்டு வேண்டும். அவற்றுள் ஒன்று எவர் கைக்கும் எட்டாதிருத்தல் வேண்டும் என்று விதித்தார். அத்துடன், பாய்லரில் ஈய அடைப்பு ஒன்றையும் பொருத்தினார். நீர் வற்றிச் சூடு மிஞ்சினால் ஈயம் உருகி, ஆவி வெளியேறித் தீயை அடக்கும். இவ்வீய அடைப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அது மீண்டும் நம் அடுப்படிக்கே வந்து சேரப்போகிறது.

அமெரிக்காவில் நடந்ததும் இதுவே. சார்ல்ஸ்டன் நகரத்து ரயில் பாதையில் ஓடிய ‘பெஸ்ட் ஃப்ரெண்ட்’ என்னும் என்ஜின், 1831ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெடித்தது. சேப்டி வால்வின் வழியே ஆவி ஓயாமல் சீறிக்கொண்டிருந்தது. அவ்வோசையைப் பொறுக்க மாட்டாத பயர்மேன் வால்வை அழுத்தி அடைத்துவிட்டார். ஓசை நின்றது, சற்று நேரத்தில் பாய்லரும் போயிற்று, அவர் உயிரும் போயிற்று. அதன்பின் அக்கம்பெனியார், பயணிகளின் அச்சம் தீர, என்ஜினுக்கும் பயணிகள் வண்டிக்கும் இடையே பஞ்சுப் பொதி ஏற்றிய வண்டி ஒன்றைக் கோத்தனர்.

இவ்விரு விபத்துகளிலும் வால்வின்மேல் குற்றமில்லை என்பதைக் கருதுக. வால்வு தன் கடமையைச் செய்ய முயன்றது. மனிதர் கை அதனைத் தடுத்தது. ஆகவே, மனிதர் கையிலிருந்து வால்வைக் காப்பதே பின்வந்த அறிஞர்களின் கவலையாயிற்று. 1850களில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்னும் இங்கிலாந்து ரயில்வே எஞ்சினியர், இரண்டு வால்வுகளை ஒரே வில்லால் பிணைத்து அமைத்தார். டிரைவர் கோலைப் பிடித்து ஒன்றை அழுத்தினால் மற்றொன்று தளரும். இரண்டையும் ஒருசேர அடைத்தல் இயலாது. எடைக்கல் போய் வில் வந்தது. தத்துவம் பாப்பினின் தத்துவமே.

நம் நாட்டில் 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாயிலிருந்து தாணாவுக்கும், 1854ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கும், 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கும் வண்டிகள் ஓடத் தொடங்கின. அவற்றை இழுத்த என்ஜின்களின் முதுகில் அச்சேப்டி வால்வு அமர்ந்தே வந்தது. நாம் வாழும் இவ்வங்க நாட்டில், சித்தரஞ்சன் தொழிற்சாலையில் 1950 முதல் 1972 வரை உருவான நீராவி என்ஜின்களிலும் அதுவே இருந்தது. மெயில் வண்டிகளை இழுத்த டபிள்யூ. பி. வகை என்ஜினின் பாய்லர் அழுத்தம், ஒரு சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. நம் குக்கரின் அழுத்தம் ஏறத்தாழ 15 பவுண்டு. பதினான்கு மடங்கு வேறுபாடு. ஆனால் காவல் ஒன்றே. ஸ்டேஷனில் நிற்கும் என்ஜினின் தலைமேல் வெண்ணிறத் தூண் போல் ஆவி சீறிப் பாய்ந்ததைச் சிறுவயதில் கண்டு அஞ்சியவர் நம்மிடையே உளர். அது கோபமன்று, காவல். சீறிய என்ஜின் நன்றாயிருந்தது என்பதே பொருள்.

ஆஸ்பத்திரிக்குச் சென்ற பாத்திரம்

பாப்பின் தம் பாத்திரத்தைக் காட்டி சரியாக 200 ஆண்டுகள் கழிந்தன. நோய்க்கிருமிகளை ஆராய்ந்து உலகுக்கு உயிர்ப்பிச்சை அளித்த பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டரின் சீடருள் ஒருவர் சார்ல்ஸ் ஷாம்பர்லான். கொதிநீரில் இட்டாலும் சில கிருமிகளின் வித்துகள் அழிவதில்லை என்பது அக்காலத்தில் பெருஞ்சிக்கலாயிருந்தது. 100 டிகிரி போதாது, நீர் இருக்கவேண்டும், சூடும் மேலே ஏறவேண்டும். இதற்கு வழி எங்கே என்று தேடியவர் கையில் அகப்பட்டது பாப்பினின் பழைய எலும்புப் பாத்திரம். 1879ஆம் ஆண்டில் அதனைத் திருத்தி ‘ஆட்டோகிளேவ்’ என்னும் கருவியாக்கினார் ஷாம்பர்லான்.

இன்று, உலகின் எந்த ஆஸ்பத்திரியிலும் அறுவைக் கத்தியும் கட்டுத் துணியும் இவ்வகைக் கருவியில் வெந்த பின்னரே மருத்துவர் கைக்கு வருகின்றன. அங்கே வழக்கமாக வைக்கும் வெப்பம் 121 டிகிரி. அழுத்தம் 15 பவுண்டு. நம் வீட்டுக் குக்கரிலும் ஏறத்தாழ அதே வெப்பம்; அதே அழுத்தம். மின்சாரமும் பெரிய கருவியும் இல்லாத இடங்களில், வீட்டுக் குக்கரையே வைத்து மருத்துவக் கருவிகளைத் தூய்மை செய்தவர்களும் உண்டு. பருப்புக்கும் பிரசவ அறைக்கும் ஒரே பாத்திரம் துணை செய்கிறது என்பது நம் தாய்மார்கள் பெருமை கொள்ளத்தக்க செய்தியன்றோ!

மீண்டும் அடுப்படிக்கு

இவ்வாறு ஊரெல்லாம் சுற்றிய பாத்திரம், தான் பிறந்த அடுப்படிக்குத் திரும்பக் காலதாமதமாயிற்று. வார்ப்பிரும்பில் செய்த பழைய பாத்திரம் கனமும் விலையும் மிக்கது. 1930களின் இறுதியில்தான் அமெரிக்காவில், வீட்டில் எளிதாகக் கையாளத்தக்க குக்கர்கள் விற்பனைக்கு வந்தன.

நம் நாட்டில் அதற்கு முன்பே வேறொரு குக்கர் பிறந்திருந்தது. அதுவும் நாம் வாழும் இவ்வங்க மண்ணிலேயே. மருத்துவரும் வழக்கறிஞரும் தத்துவம் கற்றவருமாகிய இந்துமாதவ் மல்லிக் என்பவர், 1910ஆம் ஆண்டில் ‘இக்மிக் குக்கர்’ என்பதைச் செய்தார். சுகாதாரம், சிக்கனம் என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் கடைசி எழுத்துகளைச் சேர்த்து அப்பெயர் இட்டார். உயர்ந்த உருளைக்குள் அடுக்குகள். அடியில் கரி அடுப்பு. அரிசி, பருப்பு, காய் மூன்றையும் அடுக்கி, கரியை மூட்டிவிட்டு வேலைக்குப் போய்த் திரும்பினால், சூடான உணவு காத்திருக்கும். பூரி ஜகந்நாதர் கோயிலில் பானைமேல் பானை அடுக்கிச் சமைப்பதைக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியது என்பர். தமிழ்நாட்டில் ‘ருக்மணி குக்கர்’ என்று வழங்கியதும் இவ்வகையைச் சேர்ந்ததே. இவற்றில் அழுத்தம் இல்லை. ஆவியில் மெல்ல வேகும். ஊர் விட்டு ஊர் வந்து, தனி அறையில் தங்கிய எழுத்தர்களுக்கும் மாணவர்களுக்கும் அவை செய்த உபகாரம் பெரிது. மெஸ் சாப்பாட்டின் எண்ணெய்க்குத் தப்பி, சொந்தக் கையால் ஆக்கிய ரசத்தையும் சோற்றையும் உண்டு உடம்பைக் காத்துக்கொண்டவர் பலர்.

1959ஆம் ஆண்டையொட்டி, பம்பாயில் ஹாக்கின்ஸ் கம்பெனியும், பெங்களூரில் டி. டி. கே. குழுமத்தின் பிரெஸ்டிஜ் கம்பெனியும் பிரஷர் குக்கர்களை நம் நாட்டிலேயே ஆக்கத் தொடங்கின. ஆவி சிறிது சிறிதாக வழிந்துகொண்டே இருக்கும்படி அமைந்த மேனாட்டுக் குக்கர்கள் பல உண்டு. நம் நாட்டில் பெருவழக்காயிருப்பதோ, அடைந்து நின்று, பின் வெயிட்டைத் தூக்கி உரக்க விசில் அடிக்கும் வகை. இதனால் எவரும் எண்ணாத பயன் ஒன்று விளைந்தது. கடிகாரம் பாராமலே சமைக்கலாம். அடுத்த அறையிலிருந்தே கணக்கு வைக்கலாம். ‘அரிசிக்கு மூன்று விசில், கொண்டைக்கடலைக்கு ஆறு விசில்’ என்று, விசிலே நம் இல்லங்களில் ஒரு கால அளவையாகிவிட்டது. குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டும், வாசலில் காய்காரரோடு பேரம் பேசிக்கொண்டும், காதால் சமைக்கும் கலையை நம் இல்லத்தரசியர் கற்றுக்கொண்டனர். இந்தப் பயன் எந்தக் கம்பெனியின் புத்தகத்திலிருந்தும் வந்ததன்று, கையாண்டவர்கள் கண்டது.

மலையேறும் நம் ஊழியர்களைக் கேட்டால் மற்றொரு பயனையும் சொல்வர். உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும். நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். 1881ஆம் ஆண்டு முதல் சிறு ரயில் ஓடும் டார்ஜிலிங் பாதையில், கூம் ஸ்டேஷன் கடல் மட்டத்துக்கு 2258 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே நீர் ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் ஆகும். விறகும் மிகுதியாகச் செலவாகும். இமயத்தின் எல்லைக் காவல் முகாம் முதல் மலைக் குடிசை வரை, குக்கர் அங்கே வசதியன்று, தேவை.

காரின் மூடியும் அதுவே

காரோட்டும் அன்பர்களும் இச்சரித்திரத்துக்குப் புறம்பானவர் அல்லர். காரின் முன்புறத்தில் உள்ள ரேடியேட்டரின் மூடியைச் சிறிய பொருள் என்று எவரும் மதிப்பதில்லை. அதுவும் குக்கர் மூடியின் தம்பியே. என்ஜினைக் குளிர்விக்கும் நீரைத் திறந்து விட்டால், அது 100 டிகிரியில் கொதித்து ஆவியாகிப் போய்விடும். வில் பொருத்திய மூடி, அந்நீரை அழுத்தத்தில் அடைத்து வைத்து, கொதிநிலையை 120 டிகிரி அளவுக்கு உயர்த்துகிறது. அழுத்தம் மிஞ்சினால் வில் தளர்ந்து வழி விடுகிறது. ஆகையால் கோடை வெயிலில் நெடுந்தூரம் ஓடியும் கார் கொதிப்பதில்லை. மூடியின் ரப்பர் தேய்ந்தாலோ, வில் தளர்ந்தாலோ, என்ஜின் முழுவதும் பழுதாகலாம். சூடாயிருக்கும்போது அம்மூடியைத் திறப்பதும், ஆவி அடங்குமுன் குக்கரைத் திறப்பதும் ஒரே அறியாமையின் இரு வடிவங்கள். மூடியை எடுத்த அளவில் அழுத்தம் நீங்கும்; 100 டிகிரிக்கு மேல் சூடேறியிருந்த நீர் அக்கணமே பொங்கி முகத்தில் அடிக்கும்.

நம் கடமை

இனி, முன்னே நினைவில் வைக்கச் சொன்ன ஈய அடைப்புக்கு வருவோம். குக்கரின் மூடியில், வெயிட் அமரும் குழாய்க்குச் சற்றுத் தள்ளி, பொத்தான் அளவில் ஒரு சிறு பொருள் திருகப்பட்டிருப்பதைக் காணலாம். அதனுள் எளிதில் உருகும் உலோகம் வைக்கப்பட்டிருக்கும். நீர் வற்றினாலோ, குழாய் அடைத்துக்கொண்டாலோ, அது உருகி ஆவிக்கு வழி விடும். 1803ஆம் ஆண்டு கிரீனிச் விபத்துக்குப்பின் ட்ரெவிதிக் பாய்லரில் வைத்த ஈய அடைப்பின் வழிவந்ததே அது. அடுப்படி ரயிலுக்கு வால்வைக் கொடுத்தது. ரயில் அடுப்படிக்கு ஈய அடைப்பைக் கொடுத்து அக்கடனைத் தீர்த்தது. சில குக்கர்களில் மூடியின் விளிம்பிலும் நீண்ட துவாரம் ஒன்று உண்டு. மற்ற வழிகள் அடைந்துபோனால் காஸ்கெட் அதன் வழியே பிதுங்கி ஆவியை வெளியேற்றும்.

இத்தனை காவல் இருந்தும் குக்கர் வெடித்தது என்ற செய்தி இன்றும் அவ்வப்போது காதில் விழுகிறது. காரணம் பெரும்பாலும் கிரீனிச்சிலும் சார்ல்ஸ்டனிலும் நிகழ்ந்ததே: காவலை மனிதர் கை தடுத்தல். உருகிப்போன அடைப்புக்குப் பதிலாகத் தெருவோரக் கடையில் அகப்பட்டதைப் பொருத்துதல், துவாரத்தை ஆணி கொண்டு அடைத்தல், விசில் வரவில்லையென்று வெயிட்டின்மேல் மற்றொரு கனத்தை வைத்தல், ஆவி அடங்குமுன் மூடியை வலிந்து திறத்தல் ஆகிய இவை சிறு சிக்கனமும் சிறு அவசரமுமாய்த் தோன்றும், விளைவு சிறிதன்று. அன்பர்கள் பின்வருவனவற்றை மறவாதிருத்தல் நலம். மூடுமுன் வெயிட் குழாயை வெளிச்சத்தின் எதிரே பிடித்து, பருப்புத் தோல் அடைத்திருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலும், பொங்கும் இயல்புடைய அரிசி, பருப்புக்குப் பாதிக்கு மேலும் நிரப்பலாகாது. அடைப்பும் காஸ்கெட்டும் அந்தக் கம்பெனியினுடையனவாகவே இருத்தல் வேண்டும். ஐ. எஸ். ஐ. முத்திரை இல்லாத குக்கரை வாங்கலாகாது. 2020ஆம் ஆண்டு மத்திய அரசு பிறப்பித்த ஆணை அம்முத்திரையைக் கட்டாயமாக்கியுள்ளது. ஊரிலிருந்து புதிதாக வந்து குடித்தனம் வைக்கும் இளந்தம்பதியருக்கு, சீர்வரிசையாகக் குக்கரைக் கொடுக்கும் பெரியோர்கள், இச்சொற்களையும் சேர்த்துக் கொடுப்பாராக.

ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இதில் மற்றொரு படிப்பினையும் உண்டு. என்ஜினைச் செய்தவர்களின் பெயரை உலகம் அறியும். அதனைக் காத்த சிறு வால்வு ஒரு சமையல் பாத்திரத்திலிருந்து வந்தது என்பதைச் சிலரே அறிவர். பெரிய யந்திரம் சிறிய உறுப்பை நம்பியே ஓடுகிறது. பாயிண்ட்ஸ்மேனின் கையும், கேங்மேனின் கண்ணும், எழுத்தரின் பதிவேடும், அடுப்படியில் நிற்கும் தாயின் காதும் அத்தகைய சிறு உறுப்புகளே. அவை தத்தம் வேலையைச் செய்யவிடாது அழுத்திப் பிடிக்கும் இடத்தில்தான் விபத்து காத்திருக்கிறது.

நீராவி என்ஜின்கள் அகன்ற பாதையிலிருந்து 1990களில் விடைபெற்றுவிட்டன. மலை ரயில்களிலும் அருங்காட்சியகங்களிலும் மட்டுமே நம் பிள்ளைகள் அவற்றைக் காணலாம். அடுத்த முறை ஹௌரா ரயில் அருங்காட்சியகத்துக்கு அவர்களை அழைத்துச் செல்லும்போது, சக்கரத்தையும் புகைபோக்கியையும் காட்டியபின், பாய்லரின் முதுகில் இருக்கும் சேப்டி வால்வையும் தவறாது காட்டுக. “நம் வீட்டுக் குக்கரின் வெயிட்டும் இதுவும் ஒரே குடும்பம்” என்று சொல்லுக. அவர்கள் நம்ப மாட்டார்கள். மறுநாள் காலை அடுப்படியில் முதல் விசில் கேட்கும்போது நம்புவார்கள்.